பெல் இல்லாமல் நகர்த்தக் கூடாது

கோரமண்டல், கே.ஜி.எஃப்.
பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை

அயர்லாந்துக் குளிரில் இருக்கும் என் அன்பான டீனாவுக்கு,

கோரமண்டலில் இருந்து உன் ஏனோக் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நானும் ரோஸ்லினும் சுகம். நீயும் சுகமாக இருக்க இரண்டு பேரும் தினமும் ஜெபிக்கிறோம். உன் மகள் போர்வைக்குள் இருந்தபடியே ஜெபிக்கிறாள். பரீட்சை நேரம் என்பதால் நான் கண்டுகொள்வதில்லை.

டியூட்டி நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும், காகிதம் என்றால் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளலாம், அதனால் கடிதமாக எழுதுங்கள் என்று நீ கேட்டாய். சரி, எழுதுகிறேன். போனில் பேசினால் நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது கேட்கிறாய். இதில் நீ குறுக்கே பேச முடியாது பார்.

முதலில் கெட்ட செய்தி. இன்டர்வியூ ஊத்திக்கொண்டது. அது உனக்கே தெரியும். உங்கள் மேனேஜர் அம்மா உன்னிடம் நேரிலேயே சொல்லிவிட்டார். ஆனால் எப்படி ஊத்திக்கொண்டது என்பதை நான் போனில் சொல்லவில்லை. சுமார்தான் என்று மழுப்பிவிட்டேன். நீ நர்ஸாக வேலை செய்யும் அதே முதியோர் இல்லத்தில் ஒரு கேர் அசிஸ்டென்ட் வேலை காலியாகி, அதற்கு என்னைப் பார்க்க அவர்கள் சம்மதித்தது எவ்வளவு பெரிய விஷயம்! அது கிடைத்தால் நாம் மூன்று பேரும் ஒரே கூரையின் கீழே. கிடைக்காவிட்டால் இன்னும் எத்தனை கிறிஸ்துமஸுக்குப் போனில் கேக் காட்டிக்கொண்டிருப்பதோ. அதை நினைத்துக்கொண்டே போய் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேனா, வாயில் சனி வந்து உட்கார்ந்துவிட்டது.

மேனேஜர் அம்மா கேட்டார்: ஒரு வயதானவர் குளிக்க மாட்டேன் என்கிறார், அவரிடம் என்ன சொல்வாய்? நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "யூ மஸ்ட் டேக் பாத், மேடம்" என்றேன். அப்போதும் மாட்டேன் என்றால்? "தென் ஆல்ஸோ யூ மஸ்ட்" என்றேன். அவர் மழையில் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்கிறார்? "நாட் அலவுட். ஃபர்ஸ்ட் யூ மஸ்ட் சைன் த ரெஜிஸ்டர்" என்றேன். அந்த அம்மா சிரித்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

என்னைக் குற்றம் சொல்லாதே. தங்க மைன்ஸ் மூடிய நாள் முதல் பெங்களூர் அபார்ட்மென்ட் கேட்டில் நின்று நான் பேசிய இங்கிலீஷ் அவ்வளவுதான். சார் யூ மஸ்ட் சைன். மேடம் யூ மஸ்ட் பார்க் அவுட்சைட். டெலிவரி மஸ்ட் யூஸ் சர்வீஸ் லிஃப்ட். அதற்கு முன்னால் கற்ற இங்கிலீஷ் மைன்ஸ் போர்டுகளில் இருந்தது. ஹெல்மெட் மஸ்ட் பி வோர்ன். இந்த ஊரில் பிறந்தவன் வாயில் இங்கிலீஷ் வந்தால் அது அதிகாரமாகத்தான் வரும்.

உன்னிடம் அந்த அம்மா சொன்னாராமே, உன் வீட்டுக்காரரின் இங்கிலீஷ் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இது எங்கள் முதியவர்களுடைய வீடு, அவர்களையே அவர் வாசலில் நிறுத்தி விசாரிக்கிறார் என்று. நீ அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சுருக்கென்று குத்தியது. கோடையில் இன்னொரு தடவை பார்க்கிறோம், அதுதான் கடைசி என்றும் சொன்னதாகச் சொன்னாய். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன்.

இப்போது நல்ல செய்தி. நம் சர்ச் ஹாலில் சாரா டீச்சர் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறாள், தெரியும்தானே. ஆஸ்பத்திரி ஆயாக்கள், கடையில் பில் போடும் பெண்கள், என் மாதிரி செக்யூரிட்டிகள், எல்லாரும் வருகிறோம். இந்த மாதம் முழுக்க கேன், மே, ஷுட், மஸ்ட், ஹேவ் டு. எதைச் செய்யலாம், எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்தே ஆக வேண்டும், எதைச் செய்யத் தேவையில்லை. இத்தனை இருக்கிறதா என்று மலைத்துப்போனேன். மஸ்ட் என்பது உப்பு மாதிரி, கடைசியில் ஒரு கிள்ளுப் போட்டால் போதும் என்றாள் சாரா. நான் உப்பையே குழம்பாக வைத்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் மஸ்ட் சொன்னவர் எழுந்து நிற்க வேண்டும் என்று ஒரு சட்டம். முதல் நாள் நான் உட்காரவே இல்லை. பில் போடும் பிள்ளைகளெல்லாம் சிரித்து உருண்டார்கள்.

வகுப்பு முடிந்ததும் சாரா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அவள் வீட்டுக்காரன் ஹரோல்ட், என் பழைய தோஸ்த், பேத்தமங்களா ரோட்டில் பைக்கோடு சறுக்கி இரண்டு காலும் உடைந்து கட்டிலில் கிடக்கிறான் என்று சொல்லியிருந்தேனே. காலையில் அவள் ஸ்கூலுக்குப் போய்விட்டால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. இரண்டு ஆள் வைத்துப் பார்த்தாள், இரண்டு பேரையும் திட்டியே விரட்டிவிட்டான். "அண்ணே, நீங்க வந்து அவரைக் குளிக்க வைங்க, எல்லாம் இங்கிலீஷ்லயே பேசுங்க, அவரைச் சமாளிச்சுட்டா அயர்லாந்துல யாரையும் சமாளிக்கலாம்" என்றாள்.

ஒப்புக்கொண்டுவிட்டேன். நைட் ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டேன். நாளையில் இருந்து காலை ரயிலில் இறங்கியதும் நேரே ஹரோல்ட் வீடு. எனக்காக ஜெபித்துக்கொள். ஹரோல்டுக்காகவும்.

உன் நினைவாகவே இருக்கும்,
ஏனோக்


கோரமண்டல்
ஏப்ரல், ஈஸ்டர் முடிந்த வாரம்

பிரியமுள்ள டீனாவுக்கு,

உன் ஈஸ்டர் அட்டை வந்து சேர்ந்தது. அதை ரோஸ்லின் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறாள். பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாள். வெயில் கொளுத்துகிறது, மைன்ஸ் கழிவு மண் கொட்டிய சைனைட் மேட்டில் இருந்து தூசு பறந்து வந்து துணி காயப்போட முடியவில்லை. இதெல்லாம் உனக்குத் தெரிந்த கதைதான். புதுக்கதை ஹரோல்ட்.

முதல் நாள் போய் நின்றதும் பழக்கதோஷத்தில் "ஹரோல்ட், யூ மஸ்ட் டேக் பாத்" என்று சொல்லித் தொலைத்தேன். அவன் தலையைத் தூக்கி, "ஐ மஸ்ட்? இன் மை ஓன் ஹவுஸ்?" என்றான். அடுத்த நொடி சோப்புப் பெட்டி என் காதருகே பறந்தது. அன்று குளியல் இல்லை.

இரண்டாம் நாள் சாரா சொல்லிக்கொடுத்தபடி, வெந்நீர் கொண்டு வரலாமா என்று மே ஐ போட்டுக் கேட்டேன். "யூ மே ப்ரிங். ஐ வில் டிசைட்" என்றான் துரை. கொண்டு வந்தேன். அவன் தீர்மானிப்பதற்குள் தண்ணீர் ஆறிவிட்டது. மறுபடி சுட வைத்தேன். மறுபடி ஆறியது. கடைசியில் நோ என்றான். எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தண்ணீர் தானாகவே கொதித்திருக்கும். சாயங்காலம் சாராவிடம் போய்ப் புலம்பினேன். கேட்டீங்க, அவர் நோ சொன்னார், அப்புறம் ஏன் பக்கெட்டை வெச்சிக்கினு அங்கயே நின்னீங்க, அதுவும் மஸ்ட்தானே என்றாள்.

யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது சரி. மே ஐ என்று கேட்பது சுலபம் டீனா. நோ என்று பதில் வந்தால் அதை ஏற்றுக்கொண்டு திரும்பிப் போவதுதான் முதுகெலும்பை முறிக்கிறது. கேட்டில் நின்றவனுக்கு அது பழக்கமே இல்லை. மறுநாள் அவன் நோ என்றதும், சரி, எப்போது வரட்டும் என்று கேட்டேன். சந்தேகமாகப் பார்த்தான். பத்து மணிக்கு என்றான். பத்து மணிக்குப் போனேன். முனகிக்கொண்டே குளித்தான். அன்று நான் தெரு முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

இந்தப் பழக்கம் வீட்டிலும் தொற்றிக்கொண்டது. ரோஸ்லின் அறைக் கதவைத் தட்டி, மே ஐ கம் இன் என்று கேட்டேன். உள்ளே இருந்து, "அப்பா, உடம்பு சரியில்லையா?" என்று பயந்த குரல். விஷயத்தைச் சொன்னேன். மறுநாள் கேட்டபோது, "நோ, யூ மே நாட்" என்று கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டாள். நீ பெற்ற மகள் வேறு எப்படி இருப்பாள்!

இனி முக்கியமான விஷயம். போன மாதம் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். தினமும் கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார வைக்கச் சொன்னார் டாக்டர், காலை ஊன்றக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும் என்றார். எனக்குக் கையில் பலம் இருக்கிறது. ஹரோல்ட் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அக்குளில் கை கொடுத்து ஒரே தூக்கு. அவன் போட்ட கூச்சலில் பக்கத்து லைன் வீட்டு நாய்களெல்லாம் குரைத்தன.

இங்கிலீஷ் போன இடம் தெரியவில்லை. "டேய்! பெல்லு அடிச்சனா நானு? உள்ள ஆளு கீறானேன்னு கூட பாக்காம கேஜை நவுத்துவியா நீ? எங்க இன்ஜின் ரூமா இருந்தா அன்னைக்கே உன்ன தொரத்தியிருப்பாங்க!" என்று கத்தினான். வலி பாதி, பயம் பாதி. நான் மெதுவாகக் கட்டிலிலேயே கிடத்தினேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும், மைன்ஸ் மூடும் வரைக்கும் ஹரோல்ட் வைண்டிங் இன்ஜின் ரூமில் அப்ரெண்டிஸ். ஆட்களைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோகும் கூண்டை, அந்தக் கேஜை, இறக்கி ஏற்றுகிறவன் மேலே இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அவன் கண்ணுக்குக் கேஜ் தெரியாது, உள்ளே நிற்கிற ஆளும் தெரியாது. பெல் மட்டும்தான் கேட்கும். கீழே இருந்து பெல் வராமல் அவன் லீவரில் கை வைக்கக் கூடாது. எவ்வளவு பெரிய ஆபீசர் பக்கத்தில் நின்று அவசரப்படுத்தினாலும் சரி. இன்ஜின் இவன் கையில், உத்தரவு கேஜில் இருக்கிறவன் கையில். என் அப்பா வேலைக்குப் போன காலமெல்லாம் அந்தக் கேஜில்தான் இறங்கினார். அவர் ஒவ்வொரு ஷிஃப்டும் முடிந்து வீட்டுக்கு வந்தாரே, பெல் வருகிறவரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த முகம் தெரியாத ஒரு டிரைவரால்தான் வந்தார்.

இதையெல்லாம் ஹரோல்டிடம் சொல்லவில்லை. ஒரு ஸ்பூனை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். கட்டில் கம்பியைக் காட்டினேன். ரொம்ப நேரம் என்னை முறைத்தான். பிறகு பேரம் பேசி முடிவு செய்தோம். மூன்று தட்டினால் ஆள் தயார், தூக்கு. இரண்டு தட்டினால் இறக்கு. ஒன்று தட்டினால் எந்த இடத்தில் இருந்தாலும் அப்படியே நில். நான் மே ஐ லிஃப்ட் யூ நவ் என்று கேட்பேன். அவன் ஸ்பூனால் பதில் சொல்வான்.

அன்றே நாற்காலியில் உட்கார்ந்தான் டீனா. ஜன்னல் வழியே ரயில் போவதைப் பார்த்தான். ஸ்கூல் விட்டு வந்த சாரா வாசலிலேயே நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் டீ போடப் போகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

உன் மேனேஜர் அம்மா ஜூன் முதல் வாரம் என்று தேதி அனுப்பியிருக்கிறார். பயமாக இருக்கிறது. ஆனால் பிப்ரவரியில் இருந்த பயம் வேறு, இது வேறு.

உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பிடாமல் டியூட்டிக்குப் போகாதே.

அன்புடன்,
ஏனோக்


கோரமண்டல், கே.ஜி.எஃப்.
ஜூன், மழை விட்ட ஒரு காலை

என் டீனா,

ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். மூன்று தடவை எழுதிவிட்டேன், இன்னும் ஆசை தீரவில்லை.

வேலை கிடைத்துவிட்டது என்று நான் போனில் சொன்னதும் நீ அழ ஆரம்பித்தாய், இங்கே ரோஸ்லின் குதித்துக் கட்டிலின் ஒரு காலை உடைத்தாள், நடுவில் நெட்டும் போய்விட்டது. அதனால் நடந்ததை முதலில் இருந்து சொல்கிறேன். பிரேக்கில் உட்கார்ந்து நிதானமாகப் படி. டீயை வைத்துக்கொண்டு படி.

நம் வீட்டில் நெட் நிற்காது என்பதால் சாரா வீட்டு முன்னறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டேன். சாரா ஸ்கூலில். ஹரோல்ட் உள்ளறையில். இன்டர்வியூ முடியும்வரை கட்டிலிலேயே கிடப்பேன், மூச்சு விட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தான். நான் குளித்து, கல்யாணச் சட்டையைப் போட்டு, தலையைப் படிய வாரி உட்கார்ந்தால், உள்ளே டிங் டிங் டிங்.

போய்ப் பார்த்தால், நாற்காலிக்கு மாற்று என்கிறான். எதற்கடா இப்போது என்றேன். "கதவாண்ட குந்திக்கினு கேக்கணும்டா, நீ இன்னா ஒளர்றன்னு" என்றான். நேரம் இருந்தது. சரி என்று மே ஐ கேட்டேன், மூன்று தட்டினான், தூக்கினேன். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் வந்தபோது ஒரு தட்டு.

நின்றேன். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை. தலை சுற்றுகிறது என்று உதட்டை மட்டும் அசைத்தான். கண்ணை மூடி என் தோளில் சாய்ந்துகொண்டான். மொத்தக் கனமும் என் மேல். அந்த நேரம் பார்த்து முன்னறையில் லேப்டாப் அடிக்க ஆரம்பித்தது.

டீனா, நாற்காலி ஒரு முழம் தள்ளி இருக்கிறது. பொத்தென்று இறக்கிவிட்டு ஓடினால் ஒன்றும் ஆகிவிடாது என்று ஒரு மனசு. அந்தச் சத்தம் கேட்கக் கேட்க எனக்கு நீதான் தெரிந்தாய், ஏர்போர்ட்டில் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாயே, அந்த முதுகு தெரிந்தது. இதுதான் கடைசி என்று சொன்னது தெரிந்தது. கால் இரண்டும் ஓடத் துடித்தன. ஆனால் கை கேட்கவில்லை. பெல் வரவில்லை, கை எப்படி நகரும்? லேப்டாப் அடித்து அடித்து ஓய்ந்தது. வீடே அமைதியாகிவிட்டது. போச்சு என்று நினைத்தேன். கோபம் கூட வரவில்லை. அவன் மூச்சு சீராகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம் மெதுவாக டிங் டிங். இரண்டு. இறக்கினேன். தண்ணீர் கொடுத்தேன். முகத்தைத் துடைத்தேன். கண்ணில் தெளிவு வந்தது. நம்ப மாட்டாய், அப்போதும் நான் மே ஐ கோ என்றுதான் கேட்டேன். "போடா பேமானி, ஓடு!" என்றான்.

நானே திரும்பக் கூப்பிட்டேன். எடுத்தார்கள். உன் மேனேஜர் அம்மாவும் பக்கத்தில் கண்ணாடி போட்ட இன்னொரு அம்மாவும். சிரிப்பே இல்லை. என் கல்யாணச் சட்டை தோளில் இருந்து இடுப்பு வரை ஹரோல்டின் வேர்வையால் நனைந்திருந்தது. ஏன் தாமதம் என்று கேட்டார். கதை கட்டத் தோன்றவில்லை. என் நண்பரைத் தூக்கிக்கொண்டிருந்தேன், நடுவில் நிறுத்தச் சொன்னார், அவர் மறுபடி சொல்கிறவரை நான் வர முடியவில்லை என்றேன். கண்ணாடி அம்மா கேட்டார், பக்கத்தில்தானே நாற்காலி, உட்கார வைத்துவிட்டு வந்திருக்கலாமே என்று. நான் சொன்னேன்: "மேடம், ஐ கேன். பட் ஹி டிட் நாட் கிவ் த பெல். பாடி இஸ் ஹிஸ்."

என்ன பெல் என்று இரண்டு பேரும் விழித்தார்கள். நான் விளக்க வாயெடுப்பதற்குள் உள்ளறையில் இருந்து வந்தது பார் ஒரு குரல். "ஹி இஸ் டெல்லிங் த ட்ரூத், மேடம்! ஐ வாஸ் த மேன் இன் த கேஜ்!"

எனக்கு உயிரே போய்விட்டது. அந்த அம்மா, அவரோடு நாங்கள் பேசலாமா, அவருக்குச் சம்மதமா என்று கேட்டார். கவனித்தாயா, என்னிடம் கேட்டுவிட்டு அவன் சம்மதத்தையும் கேட்டார். லேப்டாப்பை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஹரோல்ட் முன்னால் வைத்தேன்.

அவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்! வெள்ளைக்காரன் இந்த ஊரில் விட்டுப்போன இங்கிலீஷ் முழுவதையும் எடுத்துப் பரப்பிவிட்டான். இன்ஜின் ரூம், லீவர், ஷாஃப்ட், மூன்று பெல், இரண்டு பெல், எல்லாம் சொன்னான். என்னைப் பற்றியும் சொன்னான். முதல் நாள் இவன் போலீஸ்காரன் மாதிரி வந்தான், சோப்புப் பெட்டியால் அடித்தேன். இவன் போடும் டீ வாயில் வைக்க விளங்காது. குளிப்பாட்டும்போது பாட்டுப் பாடுகிறான், அதை மட்டும் நீங்கள் தடை செய்ய வேண்டும். இவ்வளவும் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான். இரண்டு காலும் போய்க் கிடந்தபோது என் பெண்டாட்டி உட்பட எல்லாரும் என்னைத் தூக்கினார்கள், திருப்பினார்கள், துடைத்தார்கள். இவன் ஒருத்தன்தான் என்னைக் கேட்டான். மேடம், ஹி வெய்ட்ஸ். இவ்வளவுதான் அவன் சொன்னது.

நான் லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்ததால் கண்ணைத் துடைக்கக் கூடக் கை இல்லை.

முன்னறைக்குத் திரும்பி வந்ததும் உன் மேனேஜர் அம்மா கையில் இருந்த காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். போன தடவை குளியலைப் பற்றிக் கேட்டேன், இந்தத் தடவை கேட்கத் தேவையில்லை என்றார். அந்த நீட் நாட் எனக்குப் புரிந்தது! சாராவுக்குக் கோயில் கட்ட வேண்டும். பிறகு, ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி என்றார். சில ஷிஃப்டுகளில் உங்கள் மனைவிதான் பொறுப்பு நர்ஸ். என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று அவர்தான் உங்களுக்குச் சொல்வார். மற்றவர்கள் முன்னால் சொல்வார். உங்களுக்குக் கஷ்டமாக இருக்குமா?

"நோ மேடம், அட் ஹோம் ஆல்ஸோ ஸேம்" என்றேன். இரண்டு அம்மாக்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உள்ளே ஹரோல்ட் சிரித்த சிரிப்பு அயர்லாந்து வரைக்கும் கேட்டிருக்கும். அன்று சாயங்காலமே மெயில் வந்துவிட்டது. ரோஸ்லின்தான் முதலில் படித்தாள். மற்றது உனக்குத் தெரியும்.

ஞாயிறு வகுப்பில் சாரா என்னை முன்னால் கூப்பிட்டு நிறுத்தினாள். எல்லாரும் கை தட்டினார்கள். பில் போடும் பிள்ளை ஒருத்தி, அங்கிள் கடைசியாக ஒரு தடவை மஸ்ட் சொல்லுங்க என்றாள். "யூ மஸ்ட் ஆல் கம் டு மை ஹவுஸ் ஃபார் பிரியாணி" என்றேன். இதற்கு மஸ்ட் போடலாம், தப்பில்லை என்றாள் சாரா. ராபர்ட்சன்பேட்டையில் இருந்து ஒரு டேக்சா நிறைய பிரியாணி வரவழைத்துவிட்டேன். நம் லைனில் யாரும் அன்று அடுப்புப் பற்றவைக்கவில்லை. காலை ஊன்றலாம் என்று அந்த வாரம்தான் டாக்டர் சொல்லியிருந்தார், ஹரோல்ட் வாக்கரைப் பிடித்துக்கொண்டு தானே நடந்து வந்தான். இப்போதெல்லாம் நான் தொட்டால் கையைத் தட்டிவிடுகிறான். நான் ஊரை விட்டுப் போகிறேனே என்று கொஞ்சம் கோபம் அவனுக்கு, வெளியே சொல்ல மாட்டான்.

பேப்பர் வேலைகள் நடக்கின்றன. எல்லாம் கூடிவந்தால் இந்த கிறிஸ்துமஸுக்கு மூன்று பேரும் ஒரே மேஜையில். ரோஸ்லின் இப்போதே பெட்டியை எடுத்து வைத்துவிட்டாள்.

டீனா, அங்கே வந்த பிறகு நீ சிஸ்டர் டீனா, நான் யூனிஃபார்ம் போட்ட கேர் அசிஸ்டென்ட். அங்கத்திய ஒழுங்குப்படி எல்லார் முன்னாலும் நான் உன்னைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவேன். நீ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடு. நீ செய் என்றால் செய்கிறேன், நில் என்றால் நிற்கிறேன், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. உன்னைப் பற்றி அங்கே எல்லாருக்கும் பெருமை என்றால் அதில் பாதி எனக்குச் சேர வேண்டியது. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் உன்னிடம் அனுமதி கேட்கிறேன். நான் வந்து இறங்கும் அன்று, ஏர்போர்ட்டில் எத்தனை பேர் இருந்தாலும், யார் பார்த்தாலும், உன் கூட வேலை செய்கிறவர்களே வந்து நின்றாலும், வெட்கப்படாமல் என்னைப் பார்த்து ஒரு தடவை 'இன்னாங்க' என்று கூப்பிடு. நீ போனதில் இருந்து அந்தச் சொல்லை யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை.

கர்த்தர் உன் ஒவ்வொரு நைட் டியூட்டியிலும் உன் கூடவே இருப்பாராக.

உன்,
ஏனோக்